வெள்ளைக் கையுறையும் பெட்டவேயின் இடது கையும்

பெத்தானி கிரீக்கில் டயர் என்றால் ரூஃபஸ் பெட்டவேதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட கறுப்பர். பருத்திக் காட்டில் ஆரம்பித்து, வெள்ளைக்காரர் ஒருவர் கடையில் டியூபுக்கு ஒட்டுப்போட்டு, கடைசியில் அந்தக் கடையையே விலைக்கு வாங்கியவர். ஜார்ஜியாவின் அந்தப் பக்கத்தில் வண்டி எங்கே மல்லாந்து கிடந்தாலும் அவருடைய இழுவை லாரிதான் முதலில் போய் நிற்கும். "என் கை படாத சக்கரம் இந்தச் சுத்துவட்டாரத்துல உருளாது" என்பார். மிகைதான். ஆனால் பெரிய மிகை இல்லை.

ஆள் நடமாட்டமில்லாத சாலைகளில் போய் நிற்கிற தொழில். ஒருமுறை இரண்டு பேர் மண்டையில் போட்டுவிட்டு இருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து அவர் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி. இடது கைக்காரர் என்பதால் இடது பக்கம், சற்றுப் பின்னால். கோர்ட்டுக்குப் போய்க் கைரேகை வைத்து வாங்கிய லைசென்ஸ் உண்டு. அதை ஒருநாளும் காலாவதியாக விட்டதில்லை.

கடைக்கு அடுத்தபடியாக அவருக்குப் பெருமை என்றால் சர்ச் வாசல். வருகிறவர்களை உள்ளே விட்டு உட்காரவைக்கிற வாசற்குழு அவருடைய சபையில் ராணுவம் மாதிரி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறை, வாயைத் திறக்கக்கூடாது, எல்லாம் கைச்சாடைதான். நிற்கும்போது இடது கையை முஷ்டியாக்கி முதுகுக்குப் பின்னால் இடுப்பில் பதித்துக்கொள்ள வேண்டும். ஜெபம் முடியும்வரை யாரையும் உள்ளே விடக்கூடாது. முடிந்ததும் குழுத் தலைவி இரண்டு கைகளையும் விரித்து மேலே தூக்குவாள். வாசலில் நிற்கிறவர்களும் அதேபோலத் தூக்க, கதவுகள் திறக்கும். அந்தத் தலைவி வேறு யாருமில்லை, அவர் மனைவி வெர்டெல். வீட்டில் அவள் சொல்லுக்கு நூறு பதில் சொல்கிறவர், சர்ச்சில் அவள் விரலசைவுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை.

வெர்டெலின் தங்கை கோரா, அதே சபைக்காரி. அவளுடைய ஒரே மகன் லாமர், மின்கம்பம் ஏறும் வேலையில் இருந்தவன். பக்கத்து மாவட்டத்தில் ஒரு சாயங்காலம் போலீஸ் அவன் காரை நிறுத்தியது. "சார், என்கிட்ட துப்பாக்கி இருக்கு, லைசென்ஸும் இருக்கு" என்று மரியாதையாகத்தான் சொன்னான். ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார்கள். எடுக்கப் பாக்கெட்டுக்குள் கையை விட்டான். சுட்டுவிட்டார்கள். வழக்கு நடந்தது, சுட்டவர் விடுதலையாகி வீட்டுக்குப் போனார்.

தீர்ப்பு வந்த வாரம், கோரா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரூஃபஸ் வாயை விட்டார்.

"பையன் அவசரப்பட்டுட்டான் கோரா. நானா இருந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன். போலீஸ்காரனுங்க வண்டிக்கே டயர் மாட்டுறவன் நான். எவன் என்மேல கை வைப்பான்?"

கோரா எழுந்தாள். அவர் பாதி தின்றிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவப் போட்டாள். அதன்பிறகு அவரோடு பேசவேயில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒரு ஞாயிறு மதியம், பக்கத்து ஊர் சபையில் வாசற்குழு ஆண்டுவிழா. பின் சீட்டில் வெர்டெல் பொரித்த கோழியும் வெண்ணெய்க் கேக்கும். ரூஃபஸ் வீட்டிலேயே கையுறை மாட்டிக்கொண்டார், அவளையும் மாட்டச் சொன்னார்.

"அங்க போய் மாட்டிக்கிட்டா ஆகாதா? வழியில இருக்கிற மாடெல்லாம் உன்னைப் பாத்து எழுந்து நிக்கப்போகுதா?" என்றாள் வெர்டெல்.

"கார்ல இருந்து இறங்கும்போதே தெரியணும்டி, பெட்டவே வந்துட்டான்னு."

சோளக்காட்டு வளைவில் பின்னால் போலீஸ் வண்டியின் நீல விளக்கு சுழன்றது. ரூஃபஸ் ஓரங்கட்டி நிறுத்தி, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்தார். வந்தவன் புதிதாகச் சேர்ந்த வெள்ளைக்காரப் பையன்; முகத்தில் பரு இன்னும் ஆறவில்லை.

"பிரேக் விளக்கு ஒண்ணு எரியல, சார்."

"சரி தம்பி. முதல்லயே சொல்லிடறேன். என் இடுப்புல துப்பாக்கி இருக்கு. லைசென்ஸ் வெயில்மறைப்புல செருகியிருக்கு. நான் எதையும் தொடல. நீங்களே எடுத்துக்கங்க."

லாமர் செய்யத் தவறியதாக அவர் நினைத்த அத்தனையையும் செய்தார். மனசுக்குள் கொஞ்சம் மார்தட்டிக்கொள்ளவும் செய்தார்.

பையனின் குரல் மாறியது. "இறங்குங்க. வண்டிக்கு முன்னால போய் நில்லுங்க."

இறங்கினார். எஞ்சினுக்கு முன்னால் போய், காரைப் பார்த்துத் திரும்பி, முதுகை நிமிர்த்தி நின்றார். அங்கேதான் அவருடைய உடம்பு அவருக்கே தெரியாமல் ஒரு காரியம் செய்தது. கையில் வெள்ளைக் கையுறை, உடம்பில் வெள்ளைச் சட்டை, எதிரே சீருடையில் ஒருவர் 'நில்' என்கிறார். நாற்பது வருஷப் பழக்கம். இடது கை முஷ்டியாகி, முதுகுக்குப் பின்னால், இடுப்புக்குப் போய்விட்டது. துப்பாக்கி இருந்த அதே இடம்.

"கையைக் காட்டு! கையைக் காட்டுடா!"

பையன் இரண்டு எட்டு பின்வாங்கித் துப்பாக்கியை உருவி நீட்டிவிட்டான். ரூஃபஸுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு கையும் பக்கத்தில் தொங்குவதாகவே அவருக்கு நினைப்பு. இவன் எந்தக் கையைக் கேட்கிறான்? என்ன கத்தினாலும் காதில் வெறும் இரைச்சல்தான் விழுந்தது. வாய் சாமர்த்தியத்தில் வாழ்ந்த மனிதருக்கு வாய் ஒட்டிக்கொண்டது.

கார்க் கண்ணாடிக்குப் பின்னால் வெர்டெல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. கத்தினால் பையன் திடுக்கிட்டு விசையை அழுத்திவிடுவான். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகளையும் கண்ணாடிக்கு நேராக, மெதுவாக, விரித்து மேலே தூக்கினாள். ஜெபம் முடிந்தது, கதவைத் திற.

ரூஃபஸின் கைகள் யோசிக்கவில்லை. இடுப்பிலிருந்த இடது கை விலகி வந்தது. இரண்டும் விரிந்து, வெள்ளை வெளேரென்று, தலைக்கு மேலே போயின.

பையன் சுடவில்லை.

அப்புறம் வயதான போலீஸ்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். "அட, டயர்க்கடை ரூஃபஸ்! இவரையா நிறுத்தினே?" என்று சிரித்தார். பையன் சிரிக்கவில்லை, ரூஃபஸும் சிரிக்கவில்லை. துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார்கள், லைசென்ஸைப் பார்த்தார்கள், விளக்கை மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வண்டியை வெர்டெல்தான் ஓட்டினாள். வெகுதூரம் போனபிறகு ரூஃபஸுக்குக் குரல் வந்தது.

"நான் எல்லாம் சரியாத்தானே சொன்னேன் வெர்டெல்?"

"சரியாத்தான் சொன்னே. அவனும் சரியாத்தான் சொன்னான்." லாமரைத்தான் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பின்சீட்டில் கோழி ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர்களுடைய சபையில், தேவன் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும் நேரம். ரூஃபஸ் வாசலை விட்டு நடுவழிக்கு வந்தார்.

"எனக்கு ஸ்தோத்திரம் சொல்ல நிறைய இருக்கு" என்றார். "கடை இருக்கு, லாரி இருக்கு, இந்தப் பக்கத்துல எனக்கு ஈடா ஒருத்தன் டயர் மாட்டமாட்டான். அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும், தெரியும், விஷயத்துக்கு வாய்யா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சபை சிரித்தது.

"போன ஞாயிறு போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்டினப்போ அதெல்லாம் என்னைக் காப்பாத்தல. என் பேச்சும் காப்பாத்தல. பக்கத்து சீட்டுல என் பெண்டாட்டி இருந்தா. தேவன் அவளை அங்க உக்கார வெச்சிருந்தார். அதுக்குத்தான் ஸ்தோத்திரம்." கோரா இருந்த பக்கம் திரும்பினார். "கோரா, உன் பையன் அவசரப்படல. அவன் பேச்சுல ஒரு குறையும் இல்ல. அவன் பக்கத்துல யாரும் இல்ல, அவ்வளவுதான். உன் மேசையில உக்காந்து நான் சொன்னது தப்பு."

கோரா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறவர்களிடம் போவது வாசல்காரர் வேலை. ரூஃபஸ் காகிதக் கைக்குட்டையும் விசிறியும் எடுத்துக்கொண்டு போய் அவளருகே நின்று நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே, நெடுநாளைக்குப் பிறகு, அவரிடம் பேசினாள்.

"மத்தியானம் சாப்பிட வா. பாதியில எடுத்த தட்டு ஒண்ணு பாக்கி இருக்கு. வாயை மட்டும் வீட்டுல விட்டுட்டு வா."

"அது முடியாது கோரா. அது இல்லாம நான் எங்கயும் போனதில்ல."

அவள் ஈரக்கண்ணோடு சிரித்துவிட்டாள்.

ரூஃபஸ் வாசலுக்குத் திரும்பினார். இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கின; அந்த வாரம் முழுக்க அப்படித்தான் வைத்திருந்தார், கடையில்கூட. முன்னாலிருந்து வெர்டெல் பார்த்தாள். ஒரு விரலை லேசாகச் சுண்டினாள்: கை எங்கே?

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள். இடது கையை முஷ்டியாக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பதித்தார். ஒருவரும் கத்தவில்லை. ஸ்தோத்திரம் என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டு, வாசலைக் காத்து நின்றார்.