அறுபத்தாறு டிகிரி, ஒரு மணி நேரம்

பீர் எப்படி இருந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சுமார். இரண்டாவது கிளாஸ் யாரும் கேட்கவில்லை. ஆனால் அதைக் காய்ச்சிய சாமானைப் பற்றி ஒரு ஜென்மமும் கேட்பதில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம் நான் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வரைந்தேன். சூடான ஒன்றும் ஆறின ஒன்றும் கலக்காமலே சூட்டை மட்டும் மாற்றிக்கொள்கிற சாமான் அது. பால் டம்ளரை வெந்நீரில் இறக்கி வைத்துச் சூடாக்குகிறோமே, அதேதான். தொழிற்சாலைகளில் அது லாரி அளவுக்கு இருக்கும். மும்பையில், செம்பூரில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து அதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். நான் வரைந்ததில் ஒன்றுகூட ஓடி நான் பார்த்ததில்லை. ஓட்டிப் பார்க்கிற நாளில் ஆண்கள் மட்டும் ஜீப்பில் ஏறிப் போய்விடுவார்கள். "சைட்ல லேடீஸ் டாய்லெட் கிடையாது மேடம்" என்பார் மேனேஜர். முதல் வருஷம் நம்பினேன். இருபத்திரண்டாவது வருஷத்திலும் அந்த டாய்லெட் கட்டி முடியவில்லை. கடைசியில் எங்கள் பிரிவையே மூடி, ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று சாயந்திரம் கூட வேலை பார்த்த பெண்கள் என்னை வாஷிக்கு அழைத்துப் போனார்கள். அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிற இடம். மற்றவர்கள் மெனு கார்டைப் பார்த்தார்கள். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஸ்டீல் பாத்திரங்களைப் பார்த்தேன். காய்ச்சுகிறவர் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறப் போடவேண்டுமாம். ஒரு மணி நேரம் அது அறுபத்தாறு டிகிரியிலேயே நிற்கவேண்டும். ஏறினாலும் கெட்டது, இறங்கினாலும் கெட்டது. அதற்காக அடியில் இறங்கும் சாற்றை பம்பு வைத்து இழுத்து, வெந்நீர் டிரம்முக்குள் கிடக்கும் செப்புச் சுருள் வழியாக ஓடவிட்டு, திரும்பவும் பார்லி மேலேயே ஊற்றுகிறார்கள்.

"அடப்பாவி, இது ஹீட் எக்ஸ்சேஞ்சர்!" என்று நான் கத்தியதில் பக்கத்து மேஜைக்காரருக்குப் புரையேறிவிட்டது.

ஹார்பர் லைன் ரயிலில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். ஒன்று கட்டப்போகிறேன். நான் வரைந்து, நான் கட்டி, என் கண் முன்னால் அது ஓடவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பீர் ஒரு சாக்கு.

என் கணவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். பாங்கில் இருக்கிறார். காபியைத் தவிர வேறு எதற்கும் அடிமை இல்லை. விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஆத்துலயா?"

"பின்னே, கோவில்லயா?"

"பில்டிங் சொசைட்டில யாராவது வாசனை பிடிச்சுண்டு வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"சத்துமாவுக் கஞ்சின்னு சொல்லுங்கோ."

நிம்மதியாகத் தலையாட்டினார். சொந்தமாகப் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். நாமாக ஒன்றைக் கையில் கொடுத்தால் சிரத்தையாக மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வார்.

சுருளுக்கும் டிரம்முக்கும் தாராவி போனோம். ஒரு சந்துக்குள் பாத்திரப் பட்டறை. பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்தது தாராவி. அளவெல்லாம் போட்ட படத்தை நான் நீட்டினேன். அவர் அதை வாங்கி என் கணவரிடம் காட்டினார்.

"சார், செம்புக் குழாய் எத்தன அடி?"

கணவர் என்னைப் பார்த்தார். "நாப்பது" என்றேன்.

"நாப்பதாம்" என்றார் கணவர். பட்டறைக்காரர் சுவரில் எழுதிக்கொண்டார்.

"சுருளுக்கு அகலம் எவ்வளவு சார்?"

இப்படி ஒவ்வொரு கேள்வியும் அவரிடம் போய், என்னிடம் வந்து, அவர் வழியாகவே திரும்பிப் போயிற்று. நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர் என்ஜினியர் ஆகிவிட்டார், நான் கூட வந்தவள். எனக்கு உள்ளே கொதித்தது. கிளம்பும்போது பட்டறைக்காரர் குரலைத் தாழ்த்தி, "நான் யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன் சார்" என்றார். கணவர் பெருமையாக "தேங்க்ஸ்" என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்த வாரம் தெரிந்தது. வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. டிரம்மில் முகம் பார்க்கலாம். ஆனால் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரை நுழைக்க நான் கேட்டிருந்த ஓட்டை இல்லை. கேட்காத இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. பச்சைத் தண்ணீர் உள்ளே வர ஒன்று, வழிந்து வெளியே போக ஒன்று.

"ஹீட்டர் ஓட்டை எங்கே?" என்றேன்.

முதல் தடவையாக அவர் என்னைப் பார்த்துப் பேசினார். "தண்ணி சுட்டுப்போச்சுன்னா ஆவி எப்படி யக்கா குளிரும்? படத்துல தப்பாப் போட்டிருந்திய. நான் சரி பண்ணிட்டேன்."

"எந்த ஆவி?"

"சாராய ஆவிதான்."

செப்புச் சுருள், டிரம், ஊறின தானியம். அந்தச் சந்தில் இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் வேறு எதை நினைப்பார்கள்? என் கணவர் முகம் வெளுத்துப்போயிற்று. "சேச்சே, இது சத்துமாவுக் கஞ்சிக்கு" என்றார்.

"சரி சார், சரி சார், கஞ்சிதான்" என்று பட்டறைக்காரர் கண்ணடித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கே கிடந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். "இங்கே பாருங்கோ. வெளியே வெந்நீர். சுருளுக்குள்ளே சாறு. ஆறின சாறு இப்படி உள்ளே வரும், சூடேறி அப்படி வெளியே போகும். ஆவியும் கிடையாது, சாராயமும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமா இதுதான் என் வேலை. இதுல ஒரு கோடு தப்புன்னு காட்டுங்கோ, நான் எழுந்து போயிடறேன்."

அவரும் எதிரே குந்தினார். நான் போட்ட கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முழுச் சுற்று போய் வந்தார்.

"அப்ப ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிடாது. சூடு மட்டும் கைமாறுது."

"அதேதான்."

"நல்லாத்தான் இருக்கு யக்கா. இந்த ஓட்டைய அடைச்சுட்டு நீங்க சொன்ன எடத்துல போட்டுத் தாரேன். ஆனா ஓடுமான்னு எனக்கு நம்பிக்க இல்ல. ஓட்டுற அன்னிக்கு நான் வந்து பாப்பேன்."

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். டிரம்மிலும், பார்லிக்கான பாத்திரத்திலும் வெந்நீர் தயார். பார்லியைக் கொட்டுவதுதான் பாக்கி. அதை உடைத்து வைக்கிற பொறுப்பை, "நோக்கும் ஒரு ஹெல்ப்பா இருக்கட்டும்" என்று முந்தின நாள் கணவர் ஏற்றுக்கொண்டிருந்தார். பையைப் பிரித்தேன். உள்ளே பவுடர். முகத்தில் பூசிக்கொள்ளலாம், அவ்வளவு நைஸ்.

"ஏன்னா, இது என்ன?"

"மாவு மில்லு சக்கியிலே குடுத்து அரைச்சுண்டு வந்தேன். என்ன மாவுன்னு கேட்டான். சத்துமாவுன்னேன். அப்படின்னா நைஸா இருக்கணும்னு அவனே ரெண்டு தடவை விட்டுக் குடுத்தான். நல்ல மனுஷன்."

"ஒண்ணு ரெண்டா உடைச்சுண்டு வாங்கோன்னுதானே சொன்னேன்!"

வேறு பார்லி கையில் இல்லை. கூரியரில் தருவித்தது அவ்வளவும் மாவாகிவிட்டது. வீம்புக்கு அதையே பாத்திரத்து வெந்நீரில் கொட்டிக் கலக்கி பம்பைப் போட்டேன். விக்கியது, உறுமியது, நின்றது. பாத்திரத்தில் இருந்தது சாறு இல்லை, கூழ். அந்தக் கூழ் குழாயிலும் ஏறி அடைத்துக்கொண்டது. வெப்பமானியில் அறுபத்தாறு அறுபத்து நாலாகி, அறுபத்து மூன்றாகியது. பட்டறைக்காரர் வாயே திறக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்றிருந்தால்கூட எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

"இருபத்திரண்டு வருஷம் காத்துண்டிருந்தேன். ஒரு பை மாவுல முடிச்சு வெச்சுட்டேளே!" என்று கணவரிடம் கத்தினேன். கத்தின கையோடு அழுதும் விட்டேன், வெளி மனுஷர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல்.

அவர் உள்ளே போனார். வரும்போது கையில் விஷுவுக்கு வாங்கிய வேஷ்டி. மடிப்புக்கூடப் பிரிக்காதது. "இதுல கட்டிப் பாரேன். ஸ்ரீகண்ட் ஸ்வீட்டுக்குத் தயிரைத் துணில கட்டி வடிக்கறோமே, அந்த மாதிரி."

அந்த நிமிஷத்தில் அவர் மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன். பெரிய அண்டாவுக்குள் வேஷ்டியை நாலாக மடித்து விரித்தோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கூழை அதில் சாய்த்தோம். சரிகைக் கரை பழுப்பாகிப்போயிற்று. மாவு துணியிலேயே தங்க, அடியில் சாறு தெளிவாக இறங்கியது. பட்டறைக்காரர், அடைத்துக்கொண்ட சுருளைக் கழற்றி, வாயை வைத்து ஊதினார், திரும்ப உறிஞ்சினார், மறுபடி ஊதினார். அடைப்பு விட்டபோது வெள்ளைச் சட்டை முழுக்கக் கஞ்சி. "இனிக்குது யக்கா!" என்றார் மீசையைத் துடைத்துக்கொண்டு.

எல்லாவற்றையும் பூட்டி மறுபடி பம்பைப் போட்டேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் நூல் மாதிரி ஒரு ஒழுக்கு. பிறகு சுண்டுவிரல் தடிமனுக்குச் சாறு நிற்காமல் கொட்ட ஆரம்பித்தது. கணவர் வெப்பமானிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ரயிலில் ஸ்டேஷன் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். "அறுபத்து மூணு. அறுபத்து நாலு. அடுத்தது அறுபத்தஞ்சு." அறுபத்தாறில் நின்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், நின்றது. காபி போடக்கூட யாரும் எழுந்து போகவில்லை. கணவர் காபி கேட்காமல் ஒரு மணி நேரம் இருந்தது அன்றைக்குத்தான்.

"ஓடுது யக்கா" என்றார் பட்டறைக்காரர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் எழுந்து போய், சுருளிலிருந்து சாறு வெளியே வருகிற செப்புக் குழாயை உள்ளங்கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிடித்தவள் விடவில்லை.

"யக்கா! கைய எடுங்க!" என்று அவர் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கை குறுக்கே செக்கச்செவேல் என்று ஒரு கோடு. கணவர் ஃபிரிட்ஜைத் திறந்து தோசை மாவுப் பாத்திரத்தோடு ஓடிவந்து என் கையை அப்படியே அதற்குள் முக்கினார்.

"சூடா இருக்கும்னு தெரியாதா யக்கா? படம் போட்டது நீங்கதான?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தெரியும்" என்றேன். "எத்தனை டிகிரின்னுகூடத் தெரியும். இதுவரைக்கும் ஒண்ணைக்கூடத் தொட்டதில்லை."