அந்தோனியம்மாள் மாட்டிய காப்புக் கம்பி

சனிக்கிழமைகளில் துணி துவைப்பது லாசரஸின் வேலை. மனைவிக்கு ஷிப்ட் மாறி மாறி வந்ததால், ஈரத்துணியை மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிச் செருகும் வேலையை அவர் கைப்பழக்கமாக்கிக்கொண்டிருந்தார். அன்று காலை அவளுடைய சீருடைக் கால்சட்டையைக் கோக்கும்போது, முழங்காலில் கிழிந்திருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"தைச்சாலும் தெரியும்" என்றார்.

"தெரியட்டும். எங்கால்தானே" என்றாள் அந்தோனியம்மாள். அவள் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, வளைந்த இரண்டு அலுமினியக் கம்பிகளையும் போல்ட்டுகளையும் ஸ்பேனரையும் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கோயில்ல பூசை முடிஞ்சு அற்புதராஜ் வண்டியப் பாக்க வர்றாரு. விக்கப்போற வண்டிக்கு இதெல்லாம் எதுக்கு?"

"விக்கிறேன்னு நான் சொல்லலியே. வாக்குக் குடுத்தது நீங்க."

அந்தோனியம்மாள் சிங்கப்பூரின் பாய லேபார் விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவள். விமான நிலையம் சாங்கிக்குப் போனபோது அவளும் கூடவே போனாள். அங்கே சரக்குப் பிரிவில் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. பிறகு தெம்பனிஸில் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்தது. வீட்டுக்கும் வேலைக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் காலை ஷிப்டுக்குச் சரியான பஸ் இல்லை. ஆறு மாதம் பார்த்தாள். பிறகு யாரிடமும் யோசனை கேட்காமல் லைசென்ஸ் எடுத்து, பழைய ஹோண்டா ஒன்றை வாங்கிவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது. அவர்கள் போகும் மாதா கோயில் பங்கில் அதுவரை எந்தப் பெண்ணும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதில்லை. சாமியார் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தபோது பாடகர் குழுவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. லாசரஸ் மட்டும் சிரிக்கவில்லை. வேளாங்கண்ணியிலிருந்து வந்த செபமாலையை எடுத்து, வலது கை பிரேக்கில் மூன்று சுற்றுச் சுற்றி, சிலுவை தொங்கும்படி முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சில் அவருடைய பயமெல்லாம் இருந்தது.

போன வாரம் அந்த முடிச்சுதான் அவளைத் தள்ளிவிட்டது. சாங்கியில் வண்டி நிறுத்துமிடத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்ற வண்டிகளுக்கு நடுவே அவள் புறப்பட்டாள். தொங்கிய சிலுவை பக்கத்து வண்டியின் கம்பியில் மாட்டியது. வண்டி முன்னே போக, மாலை பின்னே இழுக்க, பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டது. அவள் விழுந்தாள், பக்கத்து வண்டிகளும் சரிந்தன, பிரேக் பிடி மாலையோடு ஒடிந்து விழுந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது லாசரஸ் நம்பவில்லை.

"மாதாவா புடிச்சு இழுத்தாங்க?"

"மாதா இல்லிங்க. நீங்க போட்ட முடிச்சு."

மறுநாளே லாசரஸ், கோயிலில் பழக்கமான அற்புதராஜிடம் வண்டியை விற்பதாகச் சொல்லிவிட்டார்.

அவளோ ஜாலான் புசார் தெருவில் ஒலி முகம்மதுவின் வண்டிச் சாமான் கடைக்குப் போய்ப் புது பிரேக் பிடி வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டாள். இனி எதுவும் பிரேக்கைத் தொடக்கூடாது, அதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். மண்மேட்டில் பந்தயம் ஓட்டும் பையன்கள் வாங்கும் காப்புக் கம்பியை அவர் எடுத்துப் போட்டார்.

"வீட்டுக்காரர அனுப்புங்கக்கா. எப்படி மாட்டுறதுன்னு காட்டித் தர்றேன்."

"அவருக்கு சைக்கிளே வராது தம்பி. எங்கிட்டயே காட்டுங்க லா."

இப்போது அவள் சாமான்களை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். வலது கைப்பிடி ரப்பரின் முனையை பிளேடால் வட்டமாக வெட்டினாள். உள்ளே குழாய் காலியாக இருந்தது. கம்பி முனையிலிருந்த ரப்பர் அடைப்பை அதில் செருகிப் போல்ட்டை முறுக்க முறுக்க, ரப்பர் உப்பிக் குழாயைக் கவ்விக்கொண்டது. கம்பி அங்கிருந்து கிளம்பி, பிரேக்குக்கு முன்னால் வளைந்து, மறுபக்கம் கைப்பிடித் தண்டில் வந்து அமர்ந்தது. அந்த முனையையும் இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.

"பின்னால வெளக்கு எரியுது" என்றது ஒரு குரல். லாசரஸ் மூங்கில் கழியோடு நின்றிருந்தார். கழி எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அவர் சொன்னது சரிதான், பிரேக் பிடித்தால் எரியும் சிவப்பு விளக்கு அது. கம்பி நெருக்கமாக உட்கார்ந்து பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டிருந்தது. இப்படியே ஓட்டியிருந்தால் சாங்கி போய்ச் சேருவதற்குள் சக்கரம் சூடேறியிருக்கும். அவள் தளர்த்தி, ஒரு விரல் இடைவெளி விட்டு, மறுபடி இறுக்கினாள். விளக்கு அணைந்தது. கையுறையைப் போட்டுக்கொண்டு பிரேக்கைப் பிடித்து விட்டாள், கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாள், எங்கும் இடிக்கவில்லை. இடது பக்கத்தைப் பாதி நேரத்தில் முடித்தாள்.

பிரேக்கில் படுகிறதா என்று பார்க்க லாசரஸ் கழியை நீட்டினார். பொந்துக்குள் பாம்பைத் தேடுகிறவர் மாதிரி முன்னாலிருந்து குத்தினார், பக்கவாட்டில் குத்தினார், கீழிருந்து நெம்பினார். கழி ஒவ்வொரு முறையும் அலுமினியத்தில் பட்டு வழுக்கியது. பிரேக் அசையவில்லை. மேல் மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

"நல்லா குத்துங்க. வேற எங்கயாச்சும் பாக்கி இருக்கா?"

அவர் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "ஸ்ட்ராங்காத்தான் இருக்கு" என்றார், வேறு யாரோ மாட்டிய கம்பியைப் பற்றிச் சொல்வது போல.

அந்தோனியம்மாள் நாலடி பின்னால் போய் வண்டியைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, புதுக் கம்பிகள் வெயிலில் மின்னுவதை வேண்டிய மட்டும் பார்த்தாள். பதினெட்டு வருட வேலையில் கைதட்டல் வாங்கிய நாள் எதுவும் அவளுக்கு நினைவில்லை. இன்றும் யாரும் தட்டவில்லை. இருந்தும் நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றது.

சாப்பிட்டு முடித்து மாலை ஷிப்டுக்கு உடுத்திக்கொண்டாள். கால்சட்டையின் கிழிசலை லாசரஸே தைத்து வைத்திருந்தார். தையல் நன்றாகவே தெரிந்தது. அவர் மேஜையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் ஹெல்மெட்டை எடுத்தாள்.

"அற்புதராஜ்கிட்ட வண்டி விக்கிறதுக்கு இல்லன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கத்தி பலகையில் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பீன்ஸை எடுத்து நாரை உரித்தார், அடுத்ததை எடுத்தார். ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொள்ளும் நேரம் வரைக்கும் அவள் காத்திருந்தாள். "சரி, நாளைக்கு நானே சொல்லிக்கிறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.