கீழே குடியிருந்தவர்கள்

1. கைதட்டல்

கிள்ளான் ஆற்றோரத்தில் எங்கள் சுத்தியலின் சத்தம் எழுந்ததும் பக்கத்து வீடுகளிலிருந்து கைதட்டல் கேட்டது. என் சர்வீஸில் மண்ணுக்குக் கைதட்டல் கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

மண் பரிசோதனை என்றால் லேப்பில் கண்ணாடிக்குழாயோடு உட்கார்ந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அட, அதெல்லாம் அப்புறம். முதலில் சைட்டில் ரிக் நிறுத்தித் துளை போட வேண்டும். துளைக்குள் இரும்புக் கம்பியை இறக்கி, அதன் தலையில் கனமான சுத்தியலைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கம்பி சுலபமாக இறங்கினால் மண் இளக்கம். இறங்க மறுத்தால் கெட்டி. இதை மேற்பார்வை பார்க்கும் சூப்பர்வைசராக வெயிலில் கறுத்து, வாய் பேசிப் பேசித் தொண்டை கெட்டு, நான் ரிடையர் ஆனேன்.

நாங்கள் துளை போட்ட கம்பம், அதாவது சிற்றூர், ஆறு கடலில் சேரும் பக்கம் இருந்தது. ரப்பர் தோட்டம் கைமாறியபின் பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள் அங்கே குடியேறியிருந்தார்கள். ஆற்றின் வளைவை ஒட்டி ஒரே வரிசையாகத் தகரக்கூரை வீடுகள். கடல் பொங்கிப் பெரிய ஓதம் வரும் நாட்களில் தண்ணீர் வாசற்படியைத் தொடும். மண் தாங்கும் என்று நாங்கள் சொன்னால் உயரமான கரை கட்டுவார்கள், ஜனங்கள் இருக்கலாம். தாங்காது என்றால் கரை கிடையாது, எல்லோரும் அடுக்குமாடிக்குப் போக வேண்டும்.

மாரியாயி அக்காவுக்கு அடுக்குமாடி என்றால் பிழைப்பே போச்சு. மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். புருஷன் இல்லை. லோரியிலிருந்து ரிக்கை இறக்கும்போதே இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, நீதான் மேடமா? கெட்டி மண்ணுன்னு எழுதிட்டுப் போ. மாட்டையெல்லாம் லிப்டுல ஏத்த முடியாதுலா."

"நான் என்னக்கா எழுதறது? மண்ணு சொல்றதைத்தான் எழுதணும்."

"மண்ணு சொன்னா கேப்ப, மனுசி சொன்னா கேக்க மாட்டியா? நல்லா இருக்கு உன் நியாயம்!"

நான் ரிக்கை நிறுத்த இடம் காட்டப் போய்விட்டேன். 

முதல் துளையில் கம்பி சேற்றுக்குள் தன் கனத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தது. சுத்தியலுக்கு வேலையே இல்லை. அந்த மௌனம் கெட்டது என்று ஜனங்களும் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். வீடுகளில் ரேடியோவைக்கூட அணைத்துவிட்டுக் காது கொடுத்திருந்தார்கள். திடீரென்று ஆழத்தில் கம்பி நின்றது; சுத்தியலைப் போட்டோம், 'டங்' என்றது. மறுபடி டங். கம்பி நகரவில்லை. அப்போதுதான் அந்தக் கைதட்டல். மாரியாயி அக்கா எங்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

2. நகர்த்து, மறுபடி நகர்த்து

ரிக்கை ஓட்டிய முனியாண்டிக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"யக்கா, இந்தச் சேத்துல இவ்ளோ சீக்கிரம் கெட்டி வராது. வரவே கூடாது."

போனில் பாஸைக் கேட்டேன். "ஏதாவது மரம் கிரம் அடைச்சிருக்கும். ஹோலை நகத்துலா" என்றார். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். எதிலாவது இடித்தால் கொஞ்சம் தள்ளிப் புதுத் துளை. நகர்த்தினோம். அதே ஆழத்தில் டங். வீடுகளை ஒட்டியே மறுபடி நகர்த்தினோம். டங். ஆற்றுப் பக்கமாகத் திரும்பிப் போட்டபோது கம்பி எதையும் தொடாமல் சேற்றில் சறுக்கிக்கொண்டு போனது.

இடித்த இடங்களில் முனியாண்டி குச்சி நட்டு வைத்திருந்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவக் கரைமேட்டில் ஏறியவன் அங்கேயே நின்றுவிட்டான். நானும் ஏறிப் பார்த்தேன். குச்சிகள் வீடுகள் வளைகிற மாதிரியே வளைந்து போயின. வீடுகளுக்கு நடுவே ஆற்றுக்கு இறங்க ஒரு சந்து உண்டு. குச்சி வரிசையும் சரியாக அங்கே விட்டுவிட்டு, அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பித்தது.

"யக்கா, இது வீட்டைத் தாங்கற மரக் காலு" என்றான் முனியாண்டி. "கீழ ஒரு வரிசை வீடு நின்னிருக்கு."

"சும்மா இரு. வெயில் தலைக்கு ஏறிடுச்சு உனக்கு" என்று அதட்டினேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த துளையில் சுத்தியல் இடித்துக்கொண்டிருக்கும்போது மாரியாயி அக்கா வெளியே வந்தார். 

"ஏம்மா, நீ அங்க அடிக்கற. எங்க அடுப்படியில குடத்துத் தண்ணி ஆடுது. பக்கத்து வீட்டுல போய்ப் பாத்தேன், அங்க ஆடல. என் வீட்ல மட்டும் யாரோ அடியில இருந்து பதிலுக்குத் தட்டற மாதிரி இருக்கு."

போய்ப் பார்த்தேன். சுத்தியல் விழ விழ, குடத்து வாயில் வட்டம் வட்டமாகத் தண்ணீர் நடுங்கியது. சுத்தியலை நிறுத்தச் சொல்லி ஜன்னல் வழியாகக் கை காட்டினேன். நின்றபின்பும் ஒரு தடவை நடுங்கியது. நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தார். 

துளை ஆரம்பிக்கும்போது ரிக்கின் காலடியில் எலுமிச்சம்பழம் வைப்பது முனியாண்டியின் பழக்கம். நான் கேலி செய்வேன். அன்றைக்கு அவன் கூடுதலாக ஒன்று வைத்தான். அது உருளாமல் இருக்க நானே ஒரு கல்லை அண்டைகொடுத்தேன்.

3. வெட்டின மரம்

மரம் என்றால் அது கெட்டி மண் இல்லை. அதை நம்பிக் கரையைக் கட்டினால் கரை மண்ணுக்குள் உட்காரும், அதன் பின்னால் வீடுகளும் மூழ்கும். ஆகவே அந்தப் பொருளை வெட்டி மேலே எடுத்தே ஆக வேண்டும் என்று பாஸிடம் பிடிவாதமாக நின்றேன். கோர் பேரல் என்று ஓர் இரும்புக் குழாய் உண்டு. கல்லையே வட்டமாக அறுத்து உள்ளே வாங்கிக்கொண்டு வரும். அதை இறக்கினோம்.

வந்தது கறுத்த மரம். கூடவே கிளிஞ்சலும் பழைய புகையும் கலந்த ஒரு வாடை. அத்தனை காலம் கழித்து அடுப்புப் புகை எப்படி மணக்கும்? மணந்தது. முனியாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மரத்தைச் சுற்றியிருந்த கறுப்பு மண்ணில் கரித்துண்டு, தின்று போட்ட சிப்பி, மீன் முள். சலித்தபோது ஒரு கட்டி வெள்ளீயமும் சிவப்பு மணி ஒன்றும் கிடைத்தன. அந்த மணி கடல் தாண்டி வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நான் பெட்டிமேல் உட்கார்ந்து அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலைப்பக்கம் தோண்டிய ஈயம் ஆற்றோடு இறங்கி வரும். துணியும் மணியும் கடலிலிருந்து ஏறி வரும். ஓதம் படகைத் தானாக உள்ளே கொண்டுவரும், தானாக வெளியே கொண்டுபோகும். இரண்டும் சந்திக்கிற வளைவில், கொஞ்சம் மேடாக, நல்ல தண்ணீர் ஊறுகிற இடம் இது. வேறு எங்கே குடியேறுவான் மனுஷன்? மாரியாயி அக்காவின் ஆட்கள் வந்ததும் அதற்காகத்தானே: துறைமுகத்தில் வேலை, கிணற்றில் நல்ல தண்ணீர், மாட்டுக்குப் புல். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள்.

கறுப்பு மண்ணுக்கு மேலே சாம்பல் நிறச் சேறு. அதில் கடல் சிப்பி. உப்பு உள்ளே வந்திருக்கிறது. அதற்கு மேல் கரியும் இல்லை, முள்ளும் இல்லை.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "அக்கா, உங்க கிணத்துத் தண்ணி எப்படி?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். "கொஞ்ச நாளா மாடு வாய வெக்க மாட்டேங்குது. மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. நான் யாருகிட்டயும் சொல்லல" என்றார்.

வாளியில் இறைத்து நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

"கீழ இருந்தவங்க முங்கிச் செத்தாங்களா?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "அதான் தட்டறாங்களா?"

மரத்துண்டைக் கழுவி அவர் கையில் கொடுத்தேன். அதன் தலை சமமாக இருந்தது. உளித்தடம் போல வரிவரியாக வெட்டு. "பாருங்கக்கா. இது ஒடியல, அழுகல. வெட்டியிருக்காங்க."

"சொந்த வீட்டை எவன் வெட்டுவான்?"

"போறவன் வெட்டுவான். மேல இருந்த நல்ல மரத்தை எடுத்துக்கிட்டு, சேத்துல புதைஞ்சதை விட்டுட்டுப் போயிருக்காங்க. சட்டிபானைகூட விட்டு வைக்கல. யாரும் சாகலக்கா. பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

அக்கா அந்த வெட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பித் தன் வீட்டுக் கூரையையும் தூண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மண் தாங்காது என்று ரிப்போர்ட் போனது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, அடியில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் சந்தோஷப்பட்டு எழுதிவிடாதீர்கள். எடுத்துப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். எனக்கு அந்த வேலை கற்றுக்கொடுத்தது இதுதான்.

4. டெங்கில்

மற்றவர்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். மாரியாயி அக்கா போகவில்லை. டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் தோட்டத்து ஓரத்தில் சொந்தக்காரர் ஒருவர் இடம் கொடுத்தார். அக்கா வீட்டைத் தகரம் தகரமாகப் பிரித்து லோரியில் ஏற்றினார். மாடுகளுக்குத் தனி லோரி. போகிற அன்று அழுவார் என்று நினைத்தேன். ஏற்றுகிறவர்களைத் திட்டுவதிலேயே அவருக்கு நேரம் போய்விட்டது.

அங்கே போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. "ஏம்மா, உன் கம்பிய எடுத்துக்கிட்டு வா."

"கரையா கட்டப் போறீங்க?"

"அடுப்புப் போடணும். அடியில யாரு இருக்காங்கன்னு பாத்துச் சொல்லு. தெரியாம இன்னொருத்தர் தலைமேல நான் தீ மூட்ட மாட்டேன்."

சிரிப்பு வந்தது, ஆனால் போனேன். கையால் திருகித் துளை போடுகிற ஆகர் ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டேன். வீடு இன்னும் கட்டவில்லை. தகரங்கள் அடுக்கிக் கிடந்தன. அக்கா காட்டிய இடத்தில் திருகினேன். செம்மண் வந்தது. சரளை வந்தது. அப்புறம் வெள்ளைக் களிமண். ஒவ்வொரு பிடியையும் அக்கா வாங்கி விரலால் உடைத்துப் பார்த்தார். கரி இல்லை, சிப்பி இல்லை, மரம் இல்லை. ஆகரின் கைப்பிடி வரை இறங்கிவிட்டது.

"யாரும் இல்லக்கா. சுத்தமான மண்ணு. இங்க நீங்கதான் முதல்."

சந்தோஷப்படுவார் என்றுதான் சொன்னேன். அக்கா குழியருகில் குனிந்து உள்ளே பார்த்தார்.  மாடு ஒன்று கத்தியதற்குக்கூடத் திரும்பவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"அப்ப, இனிமே வரப்போறவங்களுக்கு அடியில இருக்கப் போறது நான்தானே?"

 அவர் பக்கத்தில் மண்டிபோட்டு, எடுத்த மண்ணை ஒவ்வொரு கையாகக் குழியில் போட்டு மூடினேன்.