அத்தையைத் தூக்க ஒரு படகு மிஷின்

என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மதுரையில் ஆபரேஷன் முடிந்து போடிக்குக் கூட்டி வந்த பிறகு அவரால் தானாக எழுந்து நிற்க முடியவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கக்கூஸுக்கு, திரும்பவும் கட்டிலுக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான் தூக்க வேண்டும். சம்பளத்துக்கு ஒரு அம்மாளை வைத்துப் பார்த்தோம். கண்டவள் கையில் என் உடம்பைக் கொடுக்க மாட்டேன் என்று வந்த அன்றைக்கே அவளை விரட்டிவிட்டார். என் கணவர் பெற்ற மகன்தான், ஆனாலும் ஆண்பிள்ளை. அவரைக் கிட்டேயே சேர்க்க மாட்டார். அவரும் வாரத்தில் பாதி நாள் மலையில், எங்கள் ஏலத்தோட்டத்தில்தான் இருப்பார்.

அத்தையின் மகள் மதுரையில் இருக்கிறாள். லிஃப்ட் வைத்த அடுக்குமாடி வீடு, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. இங்கே வந்துவிடு என்று தினமும் போன் செய்வாள். அத்தையிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

“நான் வாக்கப்பட்டு வந்த வீடு இது. மூச்சு நின்ன பெறகு எங்க வேணாலும் கொண்டு போங்க.”

அந்தப் பிடிவாதம் முழுக்க என் முதுகை நம்பித்தான் இருந்தது. அந்த முதுகு ஒரு நாள் பிடித்துக்கொண்டது. குனிந்தவள் நிமிர முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேனியில் எலும்பு டாக்டர், முதுகுத் தசையில் பலமே இல்லை, வலி குறைந்ததும் உடற்பயிற்சி செய்து தேற்றுங்கள், இல்லாவிட்டால் ஆளைத் தூக்குவதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். தூக்குவதை நிறுத்தினால் அத்தை மதுரைக்குப் போயாக வேண்டும். அவர் போனால் மருமகள் தள்ளிவிட்டாள் என்றுதான் தெரு பேசும். அத்தை மேல் இருந்த பாசத்தால் கவலைப்பட்டேனா, தெருவின் வாய்க்குப் பயந்து கவலைப்பட்டேனா என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் போனில் ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு பெண் நீளமான தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து, காலை ஊன்றித் தள்ளி, ஒரு கைப்பிடியை நெஞ்சுவரை இழுக்கிறாள். இருக்கை பின்னால் ஓடுகிறது, திரும்ப முன்னால் வருகிறது. வீட்டுக்குள்ளேயே படகு ஓட்டுவதற்கான ரோயிங் மெஷினாம். எனக்குப் படகெல்லாம் தெரியவில்லை. குனிந்து, பிடித்து, நிமிர்ந்து இழுப்பதைப் பார்த்ததும், அந்தப் பெண் நாளெல்லாம் அத்தையைத் தூக்கிக்கொண்டிருப்பதாகத்தான் பட்டது. இதையே வாங்கு என்று சொல்லிவிட்டேன். கணவரிடம் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் தோட்டத்தில் உட்கார்ந்து சிரிப்பார், கூட நாலு பேரையும் சேர்த்துக்கொள்வார்.

மிஷின் வந்த நாள் ஆனி மாதம், சாரல் அடித்துக்கொண்டிருந்த காலை. பார்சல் ஆபீஸிலிருந்து ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அது எந்த லோடு ஆட்டோ என்பதில்தான் வினை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பிரீசர் பெட்டி அந்த வண்டியில்தான் வரும். வண்டிக்காரருக்கும் வண்டிக்கும் வேறு அடையாளமே கிடையாது. அந்த வண்டி எங்கள் வாசலில் நின்றிருக்கிறது. ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டியை, மழைக்காக மேலே தார்ப்பாய் போர்த்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அத்தை படுக்கையில் கிடப்பது தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு அக்கா வேறு எதை நினைப்பார்?

நான் அப்போது கொல்லையில் துவைகல் பக்கம் இருந்தேன். விடியலில் அத்தை படுக்கையை நனைத்துவிட்டார். விரிப்பை அலசி முறுக்கும்போது முதுகில் சுரீரென்று பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், வாசல் பக்கமிருந்து எதிர்வீட்டு அக்காவின் குரல் பெரிய ஒப்பாரியாக எழுகிறது. “என்னப் பெத்த ஆத்தா, எங்கள விட்டுப் போயிட்டியே” என்று ஒரு கேவல். அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு மூன்று குரல்கள்.

அத்தை போய்விட்டார் என்று நம்பிவிட்டேன். நான் விரிப்பு அலசிக்கொண்டிருந்த நேரத்தில், அறையில் தனியாக உயிர் போயிருக்கிறது, அக்கா வந்து பார்த்திருக்கிறார். அழுகை வந்திருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். நான் கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டுவிட்டுத் துவைகல்லின் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, வாய்விட்டு, “அப்பாடா” என்றேன்.

எனக்குப் பின்னால் அத்தையின் அறை ஜன்னல் திறந்திருந்தது.

“யாருத்தா செத்தது?” என்று உள்ளிருந்து அத்தை கேட்டார்.

இப்போதும் அந்தக் குரலை நினைத்தால் உடம்பு கூசுகிறது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் தலையை உயர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் அந்த நிம்மதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். துடைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அவரும் பார்வையை விலக்கவில்லை.

அதற்குள் அக்காவும் மற்றவர்களும் அவிழ்த்துப்போட்ட தலையோடு அறைக்குள் வந்துவிட்டார்கள். உட்கார வைக்கச் சொல்லிக் கை நீட்டும் அத்தையைக் கண்டதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், அதே மூச்சில் அழவும் செய்தார். பொய்ச்சாவு சொன்னால் ஆயுசு கெட்டி, இன்னும் இருபது வருசத்துக்குக் கவலையில்லை என்று ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். நானும் கூட நின்று தலையாட்டிச் சிரித்தேன். அத்தை மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அக்கா அழுவதற்கு முன்பே கடமையாகத் தன் மகனை விட்டு மலைக்குத் தகவல் சொல்லியிருந்தார். எங்கள் தோட்டத்தில் ஒரு வளைவில் நின்றால்தான் செல்போன் எடுக்கும். கெட்ட செய்தி அந்த வளைவில் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பொய் என்று சொல்ல நான் திரும்பத் திரும்ப அடித்தபோது போகவில்லை. மத்தியானத்துக்கு முன்னால் ஜீப்பு வாசலில் வந்து நின்றது. முன்னால் என் கணவர், பின்னால் களைவெட்டில் இருந்த பெண்கள், எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். முழங்கால்வரை சேறு, மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாகக் கவிழ்த்தபடி. வழியில் ஜீப்பை நிறுத்தி ஒரு மாலையும் வாங்கியிருந்தார்கள்.

என் கணவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடி வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்தார். சின்னப் பிள்ளையாகத் தேம்பித் தேம்பி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. பெற்ற மகன் அழுத அழுகைக்கும் என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கும் உள்ள தூரத்தை நினைத்துக் கூனிக் குறுகி அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

மாலையோடு வந்த பெண்ணுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அத்தை கூப்பிட்டார். “இங்க கொண்டா பாப்போம். எனக்குன்னுதான வாங்குன.” வாங்கி மடியில் போட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சம்மங்கி கொறைச்சலா வச்சுக் கட்டிருக்கான். அடுத்த தடவ பாத்து வாங்குங்க” என்றார். அழுதுகொண்டிருந்த என் கணவரே சிரித்துவிட்டார்.

பிறகு எல்லார் கவனமும் பெட்டியின் மேல் விழுந்தது. தார்ப்பாயை எடுத்தால், அட்டை மேல் அரைக்கால் டவுசர் போட்ட ஒரு பெண் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருக்கிறாள். இது என்னவென்று கேட்டார்கள். முதுகுக்கு வைத்தியம் என்றேன். விடிந்ததிலிருந்து மலையில் குனிந்தே நின்று களை வெட்டிவிட்டு, இறந்தவருக்கு மரியாதை செய்யச் சேற்றுக் காலோடு வந்தவர்களிடம், முதுகுக்கு வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். ஒருத்தி பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல கனம் என்றாள்.

மிஷினைப் பூட்டியது நானும் அத்தையும்தான். கணவர் மறுநாளே மலையேறிவிட்டார். படம் போட்ட காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்தேன். அத்தை நாற்காலியில் இருந்தபடி ஒரு சொளகை மடியில் வைத்து, அதில் திருகாணிகளைக் கொட்டி, ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பழக்கத்தில் சின்னது, பெரியது, வளையம் என்று ஒதுக்கி ஒதுக்கிக் கொடுத்தார். முதலில் தண்டவாளத்தைத் தலைகீழாகப் பூட்டி, இருக்கை ஏறவில்லை என்று எல்லாவற்றையும் கழற்றினேன். வேறு நாளாக இருந்தால் அதற்கு நான்கு நாள் கிண்டல் செய்திருப்பார். அன்று கேட்டதைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தச் சொல்லைப் பற்றி அவர் பேசவே இல்லை. பேசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். ஆனால் இரண்டு நாள் கழித்து மதுரையிலிருந்து மகள் போன் செய்தபோது, வழக்கமான பதில் வரவில்லை.

“வர்றேன். ஆடி முடியட்டும்” என்றார்.

அடுப்படியில் நின்றிருந்த என் காதில் அது விழுந்தது. அன்றிலிருந்துதான் நான் வெறி பிடித்து மிஷினில் உட்கார ஆரம்பித்தேன். வலி தணிந்திருந்தது, டாக்டரும் சரி சொல்லிவிட்டார். முதுகு தேறிவிட்டால், அலுப்பில்லாமல் தூக்கிவிட்டால், அவர் மனம் மாறிவிடும் என்று ஒரு நப்பாசை. தூக்கும்போதெல்லாம் அவர் காதில் என் முனகல்தானே விழுந்திருக்கிறது, அது விழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீளத்துக்கு இடம் இருந்தது கூடத்தில் மட்டும்தான். தெருக்கதவைத் தாழ் போட்டுக்கொள்வேன். முதல் நாள் சேலையோடு உட்கார்ந்து, முந்தானை இருக்கைக்கு அடியில் சிக்கி, பாதி வழியில் நின்றுவிட்டேன். அப்புறம் நைட்டிக்குள் மகனின் பழைய டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் பால்காரர் கதவைத் தட்ட, அந்தக் கோலத்தில் திறக்க வெட்கப்பட்டு, வீட்டில் ஆள் இல்லாததைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அத்தைதான் உள்ளிருந்து, “படகு கரைக்கு வரலப்பா, சித்த இரு” என்று குரல் கொடுத்தார்.

ஆமாம், கிண்டல் திரும்ப வந்திருந்தது. நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்துப் போடச் சொல்லி, நான் வேர்த்து வடிவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வைகை அணை வரைக்கும் போயாச்சா என்பார். வரும்போது ரெண்டு மீன் பிடிச்சு வா என்பார். எனக்குச் சிரிப்பு வரும், சிரித்துக்கொண்டே அவர் முகத்தை ஆராய்வேன். மன்னித்துவிட்டாரா, மறந்துவிட்டாரா என்று தேடுவேன். அங்கே ஒன்றும் பிடிபடாது.

முதலில் கையால் இழுத்து இழுத்துத் தோளைத்தான் நோகடித்துக்கொண்டேன். மகன் வேறொரு வீடியோ அனுப்பினான். காலால் தள்ள வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும், கை கடைசியில்தான் வர வேண்டும். அது பழகிய பிறகு அத்தையைத் தூக்குவதும் அப்படியே மாறியது. அவர் கக்கத்தில் கையைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, தரையைக் காலால் தள்ளி எழுந்தால் ஆள் பாதிக் கனம்தான். முனகல் நின்றது. ஒரு நாள் அவரை நாற்காலியில் இறக்கிவிட்டு, இப்போது வலியே இல்லை அத்தை, நீங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை என்று சொன்னேன். என் கன்னத்தைத் தட்டி, தெம்பாயிட்டே, நல்லது என்றார்.

ஆவணி பிறந்ததும் காரோடு மகள் வந்தாள். என் கணவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். ரெண்டு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொன்னார் அத்தை. துணிப்பையில் எல்லாச் சேலைகளையும் வைத்துக் கட்டச் சொன்னதை நான்தான் பார்த்தேன்.

சக்கர நாற்காலியை மகள் பிரித்தாள். அத்தை வேண்டாம் என்று கை காட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நானே தூக்கி, நிலையைத் தாண்டி, படியில் இறங்கி, காரில் உட்கார வைத்தேன். முதுகில் ஒரு சின்ன இழுப்புக்கூட இல்லை. எதிர்வீட்டு அக்காவும், தெருப் பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இந்த வயதில் வீட்டை விட்டு எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அக்கா கேட்டார். கேட்டது அத்தையிடம், பார்த்தது என்னை.

அத்தை கார் கண்ணாடியை முழுக்க இறக்கச் சொன்னார்.

“பாத்தேல்ல, எம்மருமக எப்புடித் தூக்குனான்னு? ஒரு குறை வைக்கல எனக்கு. நாந்தான் மக வீட்ல கொஞ்ச நாளு இருக்கணும்னு ஆசப்பட்டுப் போறேன்.”

தெரு முழுக்கக் கேட்கும்படிச் சொன்னார். அவர் இந்த வீட்டை விட்டு ஆசைப்பட்டு எங்கேயும் போனவர் இல்லை. ஆடி முடியும்வரை எதற்காக இருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் முதுகு தேறி, நாலு பேர் பார்க்க நானே அவரைத் தூக்கிக் கொண்டுவந்து வைக்கும்வரை காத்திருந்திருக்கிறார். அக்கா என்னைப் பார்த்து, நீ கொடுத்து வைத்தவள் என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.