ஊசி நழுவினால் கூவும் பட்டை

திருப்பதியில் ஒரு பெரிய மருத்துவமனையில் டயாலிசிஸ் மிஷின்களைப் பழுது பார்க்கும் இன்ஜினியராக இருந்தபோது எனக்கு அந்த ஃபெல்லோஷிப் கிடைத்தது. மருத்துவத்துக்குப் புதுக் கருவிகள் செய்பவர்களை உருவாக்கும் வெளிநாட்டுப் பயிற்சி. சித்தூரில் எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் என்னை முன்னால் அழைத்து ஜெபித்தார்கள். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் நைனா, வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எதிரே வந்தவர்களை நிறுத்தி, "எம்பொண்ணு ஃபாரின் போவுது, புது மிஷினு கண்டுபுடிக்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கருவியைப் பற்றி இப்போதைக்கு யோசிக்காதே, வார்டில் போய் நின்று பார் என்பதுதான் முதல் பாடம். பெங்களூரிலிருந்து வந்த ஒரு டாக்டரும் நானும் ஒரு குழு. வெளிநாடு புறப்படும் முன் திருப்பதியில் எங்கள் டயாலிசிஸ் வார்டிலேயே நின்றோம்.

ஒரு மதியம், குடிபாலாவிலிருந்து வரும் டெய்லர் அக்கா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். உள்ளே கையிலிருந்து ஊசி நழுவியிருந்தது. மிஷின் சுத்தம் செய்த ரத்தம் உடம்புக்குப் போகாமல் மெத்தையில் இறங்கிக்கொண்டிருந்தது. அலாரம் அடிக்கவில்லை. கட்டிலுக்கடியில் சொட்டியதைப் பார்த்துத்தான் நர்ஸ் ஓடிவந்தார். அக்கா கண் விழித்தபோது உதடு வெளுத்திருந்தது. "இன்னா ஆச்சு? ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?" என்றார்.

அதையே எங்கள் வேலையாக எடுத்துக்கொண்டோம். கையில் சுற்றிக்கொள்ளும் ஒரு பட்டை. ரத்தம் பட்டு நனைந்தால் கூவும். அப்படிப்பட்ட கருவிகள் வெளிநாட்டில் உண்டு, எங்கள் வார்டுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இல்லை. பிறகு பயிற்சிக்குப் போன, பனி விழும் வெளிநாட்டு ஊரின் லேபில், ரப்பர் கை ஒன்றில் பட்டையைச் சுற்றி ரத்தத்துக்குப் பதிலாக உப்புத்தண்ணீர் விட்டோம். பல முறை ஊமையாக இருந்த பட்டை ஒருநாள் வீறிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள்.

கடைசி நாள் எல்லாக் குழுக்களும் மேடையேறினோம். முடிந்ததும் ஒரு முதலீட்டாளர் என்னிடம் வந்து, "அருமையான வேலை. இதை யார் வாங்குவார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வாங்க முடியாதவர்களுக்காகத்தான் செய்தோம்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த குழுவிடம் போனார்.

ஊர் திரும்பிய பிறகு எதுவும் நகரவில்லை. லைசென்ஸ் உள்ள கம்பெனி தயாரித்தால்தான் நோயாளி கையில் போட்டுப் பார்க்க அனுமதி கிடைக்கும். கம்பெனிகளோ, நோயாளி கையில் வேலை செய்கிறதென்று காட்டிவிட்டு வாருங்கள் என்றன. கம்பெனிகள் இருக்கும் ஸ்ரீசிட்டிக்கும் சென்னைக்கும் லீவு போட்டு அலைந்தேன். டாக்டர் ஒருநாள் போன் செய்து, "எனக்கு ஃபாரின்லேயே வேலை கிடைச்சிடுச்சு. நீ மட்டும் இதை விட்டுடாத" என்றார்.

அக்கா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னாம்மா, அந்தப் பட்டை எப்ப வரும்? நான் இங்க கண்ண மூடுறதே இல்ல. கையையே பாத்துக்கினு படுத்திருக்கேன்."

"பர்மிஷன் வரணும்க்கா."

"எங்கையில போட்டுப் பாரேன். நானே கேக்கிறேன் இல்ல?"

"அப்படிப் போடக் கூடாதுக்கா."

"அப்ப யாருக்குத்தான் செஞ்ச?"



பிறகு அவர் வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமை சித்தூரிலிருந்து குடிபாலா போனேன். கால் இரண்டும் வீங்கி, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தங்கை.

"சித்தூர் போயி பஸ் மாறி திருப்பதி வரணும். திரும்பி வரசொல்ல ஒடம்புல உசுரே இருக்காது. பஸ் ஸ்டாண்டுல வுழுந்துட்டேன். எல்லாரும் குடிச்சிருக்கேன்னு நெனச்சிக்கினாங்க" என்றார் அக்கா. "போதும்மா. என்னால ஆவாது."

சித்தூரிலேயே டயாலிசிஸுக்கு இடம் கேட்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். எங்கும் கட்டில் காலியில்லை, காத்திருக்கச் சொன்னார்கள். அவரால் காத்திருக்க முடியவில்லை.

அக்கா இறந்த சேதி வந்த அன்று வார்டில் நர்ஸிடம் சொன்னேன். "பாபம்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, அடுத்தவரின் கையில் ஊசி ஏற்றப் போனார். நான் மிஷின் பழுது பார்க்கும் எங்கள் ரூமுக்கு வந்து உட்கார்ந்தேன். அத்தனை நாள் நாங்கள் கட்டிலருகே நின்று பார்த்தோம். அவர் அந்தக் கட்டிலுக்கு எப்படி வந்துசேர்கிறார் என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை. அதற்குக் கருவி ஏது?

சில வாரம் கழித்து அவருடைய தங்கை போன் செய்தார்.

"அக்கா போனாளே, அந்த எடம் காலியா இருக்குதா? எங்க தெருவுல ஒருத்தருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சாம்."

"இல்லம்மா. அவங்க நிறுத்தின வாரமே வேற ஆளு வந்துட்டாங்க."

"செரி, இன்னா பண்றது" என்று போனை வைத்துவிட்டார்.