ஓடைக்கரையைக் கேட்டவள் நான்

என் மகளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் படுக்க வைத்தவள் நான்தான். அந்த மனிதர் அல்ல. அவர் என்னைக் கேட்டார், நான் தெரிவு செய்தேன். பிறகு, அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்று சாதித்துவிட்டேன்.

எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு என்று என் கணவர் எல்லோருக்கும் சொல்கிறார். அவருடைய கைக்கடிகாரம் அப்படித்தான் காட்டியதாம். எனக்கு மட்டும்தான் உண்மையான நேரம் தெரியும். அதற்கு ஒன்பது நாள்களுக்கு முன்னர், வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு, காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டியைத் தாண்ட முடியாமல் நின்ற பஸ் ஒன்றுக்குள் அது தொடங்கியது.

என் பெயர் வதனி. வயது நாற்பத்தேழு. வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருக்கிறோம். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறேன். மற்றவர்களுக்கு என்னென்ன ஆபத்து நேரலாம் என்று படிவங்களைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். நீங்கள் சிரிக்கலாம். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

மகள் ஆரணிக்குப் பதின்மூன்று வயது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கூடாரத்தில் தங்கிவிட்டு வந்து கதைக்கிறார்கள், நாங்களும் போகவேண்டும் என்று ஒரு பள்ளித் தவணை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்ல எனக்கு ஒரு தவணை பிடித்தது. இடத்தைத் தேட இன்னும் மூன்று வாரம்.

தங்கள் சொந்தக் காணியிலேயே கூடாரம் போட்டுக் கொடுப்பவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஏழு பேரை விசாரித்தேன். அட்டை இருக்குமா, பாம்பு இருக்குமா, வேலி உண்டா, சிக்னல் கிடைக்குமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்... பக்கத்தில் இருந்து பார்த்த குகனுக்குப் பொறுக்கவில்லை.

"நுளம்புக்கு அடையாள அட்டை இருக்கோ எண்டும் ஒருக்காக் கேளும்."

"பகிடி விடாதேங்கோ. அங்கை போய் ஏதும் நடந்தால் ஆர் ஓடித்திரியிறது?"

"நீர்தான். சிங்களம் உமக்குத்தானே தெரியும்."

குகன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பழைய உண்மை. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில், திருமணமான புதிதில், ஒரு தடவை அவரை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டார்கள். நானும் இறங்கினேன். சிங்களத்தில் கதைத்தேன். சிரித்துக் கதைத்தேன். கால்மணித்தியாலத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ் ஏறினேன். இன்றைக்கும் உறவினர் வந்தால் அந்தக் கதையைச் சொல்லுவார். "இவவின்ரை வாயாலைதான் நான் உயிரோடை இருக்கிறன்" என்பார். அவர் சொல்லச் சொல்ல நான் கொஞ்சம் உயரமாக உட்காருவேன்.

ஆனால், என் சிங்களம் காதால் படித்த சிங்களம். தெருவில், கடையில், பள்ளிக்கூட வாசலில் பொறுக்கியது. அந்த எழுத்துகளை எனக்கு வாசிக்கத் தெரியாது. இதை யாரிடமும் நான் ஒளித்ததில்லை... யாரும் கேட்டதுமில்லை.

ஏழு பேரில் எனக்குப் பிடித்தவர் சமன். எட்டியாந்தோட்டைப் பக்கம், இறப்பர் மரங்களுக்கு நடுவே அவருக்கு ஒரு துண்டுக் காணி. முப்பது வயது இருக்கும். முதல் நாளே என்னை 'அக்கே' என்று கூப்பிட்டார். நானும் தம்பி என்ற உரிமையில் 'மல்லி' என்றேன். எதைக் கேட்டாலும் சலிக்காமல் பதில் போட்டார், ஆங்கில எழுத்தில் எழுதிய சிங்களத்தில். கழிப்பறையில் கொமட் இருக்கிறதா என்று கேட்டதற்குப் படம் வந்தது. உட்காரும் வகையா என்று மறுபடி கேட்டேன், பக்கவாட்டில் எடுத்த இன்னொரு படம் வந்தது. தண்ணீர் ஒழுங்காக வருமா என்று கேட்டேன். தண்ணீர் சுழன்று இறங்கும் வீடியோ ஒன்று வந்தது. ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அந்த மனிசன் பாவம்."

ஓம், பாவம்தான்.

அந்த வியாழக்கிழமை பஸ்ஸில் வந்த கேள்வி இது. "உட எகத, எல எகத?" 'உட' என்றால் மேலே. மேலே உள்ளதா, இல்லாவிட்டால் 'எல'வா?

இந்த ஊர் இளைஞர்களுக்கு எதற்கெடுத்தாலும் 'எல'. படம் எல, சாப்பாடு எல, சட்டை எல. திறம் என்று அர்த்தம். என் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிற சொல். சமனிடம் இரண்டு கூடாரங்கள் இருந்தன. ஒன்று மேலே இருப்பது, மற்றது திறமானது என்று நான் வாசித்தேன். திறமானதை விட்டு யாராவது மற்றதைக் கேட்பார்களா? "எல எக, மல்லி" என்று எழுதி, கட்டைவிரல் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன்.

சிங்களத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. வாயை நன்றாகப் பக்கவாட்டில் அகட்டி, ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரிச் சொல்ல வேண்டும். அதற்கு ஓடை என்று பொருள். காதில் விழுந்திருந்தால் நான் ஒருநாளும் மாறி விளங்கியிருக்க மாட்டேன். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்று! அதே மூன்று எழுத்து.

இது வெறும் பிழை, யாருக்கும் வரலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். பொறுங்கள். என் பதில் போன கையோடு அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பது விநாடி. பஸ்ஸில் பக்கத்தில் ஆள்கள், என்னிடம் இயர்போன் இல்லை. பிறகு கேட்போம் என்று வைத்தேன். பிறகு கேட்கவில்லை. கொமட்டைப் பற்றி மூன்று தடவை கேட்டவளுக்கு, நாற்பது விநாடி காது கொடுக்க ஒன்பது நாள்களில் நேரம் கிடைக்கவில்லை.

போய் இறங்கியபோது கூடாரம் ஓடையோரத்தில் நின்றது. கணுக்கால் அளவு தண்ணீர். கூழாங்கல், சின்னச் சின்ன மீன்கள். இதனால்தான் திறமானது என்றார் போலிருக்கிறது என்று நினைத்தேன். "ஹொந்தய் நேத, அக்கே?" என்று கேட்டார் சமன். நல்லது, நல்லது என்று சொல்லிவிட்டு, கொமட்டைப் பார்க்கப் போனேன்.

மதியச் சோற்றைத் தந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. மேட்டில் உட்கார்ந்து தூரத்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. குடும்பம் இருக்கிற இடத்தில் இந்த ஆள் என்ன காவல் இருக்கிறார் என்று.

மூன்று இருபதுக்கு நான் மேலே குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். குகன் மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தார். ஆரணி கூடாரத்துக்குள், காதில் பாட்டோடு. எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லை. வெயில் அடித்தது.

"ளமயா! ளமயா!"

பிள்ளை, பிள்ளை என்று கத்திக்கொண்டு சமன் என்னைத் தாண்டி ஓடினார். நான் திரும்பியபோது தண்ணீர் பாலில்லாத பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. மலையில் பெய்த மழை மொத்தமும் மரக்கிளைகளோடு வந்து இறங்கியது. கூடாரம் ஒரு பக்கம் சரிந்து, ஆணிகள் கழன்று, மிதந்து, மெதுவாகச் சுழன்றது. உள்ளே இருந்து அவள் ஸிப்பை இழுக்கிற சத்தம்... அந்த இரைச்சலுக்குள் அது எனக்குக் கேட்டதா, நான் பிறகு கற்பனை செய்ததா, தெரியாது. நான் தட்டைப் பிடித்தபடியே நின்றேன். தாய் ஓடுவாள் என்று நினைப்பீர்கள். நான் ஓடவில்லை.

அவர் பாய்ந்தார். இடுப்பில் இருந்த மன்னாக் கத்தியால் துணியைக் கிழித்தார். தலைமயிரிலும் கையிலும் பிடித்து அவளை வெளியே இழுத்தார். ஏதோ ஒரு கல் உருண்டு அவருடைய பாதத்தில் ஏறியது. குகன் ஓடி வருவதற்குள் பிள்ளை கரையில் கிடந்து இருமிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூக்குக்கண்ணாடி போய்விட்டது. உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில், அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, குகன் என்னைக் கேட்டார்.

"தண்ணிக்குப் பக்கத்திலை ஏன் போட்டவன்? உமக்கு ஒண்டும் சொல்லேல்லையே?"

அந்த நேரம் எனக்கு உண்மையாகவே தெரியாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சாதகமாக இருப்பது அது ஒன்றுதான். "ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். பிறகு, ஏதோ ஞாபகம் உறுத்த, கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தக் குரல் பதிவைப் போட்டுக் கேட்டேன்.

ஓடைக் கரை வடிவுதான், அக்கே, ஆனால் மலையில் மழை பெய்தால் திடீரென்று ஏறும், பிள்ளை வருகிறபடியால் மேலே உள்ளது நல்லது, யோசித்துச் சொல்லுங்கள்... பதில் வராவிட்டால் நீங்கள் கேட்டதையே தருகிறேன், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். வாயை நன்றாக அகட்டி, இரண்டு தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தார்.

நான் அதை அழித்தேன். அவருடன் எழுதியது எல்லாவற்றையும் அழித்தேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, அதே பொய்யை மறுபடி சொன்னேன். இந்த முறை அறிந்து சொன்னேன்.

ஏன் சொன்னேன்? பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று குகன் நினைப்பாரே என்ற பயமா? அது பாதிதான். மீதியைச் சொல்ல நாக் கூசுகிறது. அந்தச் சோதனைச் சாவடிக் கதையை அவர் பிறகு யாருக்கும் சொல்லமாட்டார் என்று நினைத்தேன்.

குகன் சும்மா இருக்கவில்லை. பெற்றோர் கூடுகிற ஒரு முகநூல் குழுவில் சமனின் பெயர், காணியின் படம் எல்லாம் போட்டு எழுதினார். "பிள்ளையைத் தூக்கினது அந்தாள்தானே" என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "தூக்கத்தான் வேணும். படுக்க வைச்சதும் அவன்தானே" என்றார். பதிவு பரவியது. கீழே கருத்துகள் குவிந்தன. 'தமிழ் ஆக்கள் எண்டால் இவங்களுக்கு இளக்காரம். நல்ல இடத்தைத் தங்கடை ஆக்களுக்கு வைச்சிருப்பாங்கள்.' அதற்கு விருப்பக்குறி போட்டவர்களில் என் தங்கையும் இருந்தாள். எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சமன் ஐந்து தடவை அழைத்தார். ஆறாவது அழைப்பு வராதபடி தடுத்து வைத்தேன்.

ஆரணி இப்போது புத்தகப் பையை ஸிப் போட்டு மூடுவதில்லை. திறந்தபடியே பள்ளிக்கூடம் கொண்டுபோகிறாள்.

போன ஞாயிறு காலை பத்தரைக்குக் கீழிருந்து காவலாளி அழைத்தார். யாரோ சமனாம். குகன் மேலே விடச் சொன்னார்.

காலை இழுத்து இழுத்து வந்தார். அன்றைக்கு அவருடைய காணியில் போய் இறங்கியபோது நாங்கள் எழுதிவைத்த பெயர், விலாசப் புத்தகத்தைப் பார்த்து வந்திருக்கிறார். உட்காரவில்லை. கைக்குட்டையில் சுற்றிய ஆரணியின் கண்ணாடியை நீட்டினார். தண்ணீர் வடிந்த பிறகு கீழே வெகுதூரத்தில் கிடந்ததாம். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கே, மம எஹுவனே."

அக்கா, நான் கேட்டேன்தானே. அந்தச் சொல்லுக்கும் வாயை அகட்டத்தான் வேண்டும். தாழ்ந்த குரலில், வேகமாக, மீதியையும் சொன்னார். வருவதாக இருந்த எல்லோரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊரிலும் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் என்று கதைக்கிறார்கள். நான் அனுப்பியது, நீங்கள் அனுப்பியது, எல்லாம் போனில் இருக்கிறது, அக்கே. ஒருவருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். உங்கள் கணவர் மாத்தையாவிடம் சொல்லி அந்த முகநூல் பதிவை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

"என்னவாம்?" என்று கேட்டார் குகன்.

எங்கள் மூன்று பேரில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"மன்னிப்புக் கேக்கிறார்."

குகன் சற்று நேரம் அந்தக் காலைப் பார்த்தார். நல்ல மனிதர் அவர். "சரி, பரவாயில்லை எண்டு சொல்லும். நாங்கள் பொலிசுக்கு ஒண்டும் போகேல்லை எண்டும் சொல்லும்."

சமன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹரி, மல்லி" என்றேன். சரி, தம்பி.

அந்தப் பதிவு இதை எழுதுகிற இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்வதென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். நான் சொன்ன அந்த ஒரு சொல்லை அவர் வாக்காக எடுத்துக்கொண்டார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். அப்போதுதான் அறையிலிருந்து வெளியே வந்த ஆரணியைப் பார்த்துக் கையசைத்தார். லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன் என் பக்கம் திரும்பினார்.

"எல, அக்கே" என்றார். "எல."

இந்தத் தடவை எனக்குச் சரியாகக் கேட்டது. திறம், அக்கா. திறம்.