ஒலியைக் குறைக்கும் கை

ஒஸ்லோவில் பனி கொட்டும் பிற்பகல். சின்னத் திரையரங்கொன்றில், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மன் படம் ஒன்று ஓடுகிறது. திரையில் கல்யாண விருந்து. பேண்டு வாத்தியம் உச்சத்துக்கு ஏறும்போது ஒலி சட்டென்று தாழ்ந்துவிடுகிறது. முன்வரிசை நோர்வேக்காரர் திரும்பி, மேலேயிருக்கும் ஆபரேட்டர் அறையை முறைக்கிறார்.

இடைவேளையில் அந்த அறைக்குப் படியேறுகிறேன். உள்ளே ஒரு தமிழ்ப் பெண். வாசுகி, யாழ்ப்பாணம்.

"மெஷின் ரிப்பேராம்மா?"

"மெஷினுக்கு ஒண்டுமில்லை அண்ணை, என்ரை கைக்குத்தான் வருத்தம்," என்று சிரிக்கிறாள். "ஊரிலை ஜெனரேட்டர் போட்டுப் படம் பாக்கேக்கை சத்தத்தைக் குறைச்சுத்தான் வைப்பம். குண்டு போடப் பொம்பர் வந்தால் கேக்கவேணுமெல்லோ. படத்திலை சனம் சந்தோசமா ஆடினால் இப்பவும் கை தானாப் போகுது."

சிரிப்பு நின்றுவிடுகிறது. "வேலைக்கு வந்து ரெண்டு கிழமை. இன்னொருக்கா முறைப்பாடு வந்தால் நிப்பாட்டிப்போடுவினம். படத்தின்ரை கடைசியிலையும் ஒரு விருந்து இருக்கு."

"அப்ப நான் வெளியில நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். வானத்துல ஏதாவது வந்தா ஓடிவந்து கதவைத் தட்டறேன். நீங்க கையைக் கட்டிக்கிட்டுப் படத்தைப் பாருங்க."

"விசர்க்கதை கதைக்கிறியள்," என்கிறாள். பிறகு மெதுவாக, "வடிவாக் கேளுங்கோ, அண்ணை."

ஊர் ஊராகச் சுற்றி, ஓரிடத்தில் நிற்கத் தெரியாத என் கால்கள் பனியில் நிற்கின்றன. அண்ணாந்து பார்க்கிறேன், காது கொடுக்கிறேன். வானத்தில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. முதுகுக்குப் பின்னால், மூடிய கதவைத் தாண்டி, பேண்டு வாத்தியம் முழுச் சத்தத்தோடு வருகிறது.